அழுக்கு வைக்கும் வேலை

எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டிய ஆலடிக்குளம் லைன் காலனியில் முதலாவதாக வந்து உட்கார்ந்தவர் என் அப்பா. அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. டூட்டி முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் அவர் தலை சாய்த்ததில் ஆறாம் நம்பர் வீட்டுச் சுவரில் உண்டான எண்ணெய்க் கறையை, ஓர் எள்ளின் அளவில், பழுப்பு மையால் தொட்டு வைத்துவிட்டு பிரஷ்ஷைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அந்தக் கறையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு, காக்கி அரைக்கால் சட்டையும் கழுத்தில் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். அவர் செத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. உள்ளதைச் சொல்வதென்றால் நான் உடனே அழவில்லை. ஸ்கேலை எடுத்து அவர் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்தேன். படியோடு சேர்த்து உட்கார்ந்த உயரம் ஒரு சென்டிமீட்டரும் இரண்டு மில்லியும் இருந்தது. அளவு சரிதான். பிறகு, கண் கூசக் கூடாதென்று மேசை விளக்கைச் சற்றுத் திருப்பி வைத்தேன்.

காலனி என்று ஒன்று அப்போது கிடையாது. ஜங்ஷனுக்கு மேற்கே தண்டவாளத்தை ஒட்டி, லைனைப் பழுது பார்க்கும் கேங்மேன்களுக்கான பன்னிரண்டு வீடுகள் இருந்தன. இரண்டாவது லைன் போடுவதற்காக அவற்றை இடித்தார்கள், ஆட்கள் ஆளுக்கொரு திசையில் வாடகைக்குப் போனார்கள். பிறகு பழைய ஜங்ஷனை மாடலாகச் செய்து மக்கள் பார்வைக்கு வைக்கலாம் என்று ரயில்வே ஆபீசில் முடிவாகி, காலியாகக் கிடந்த பார்சல் அறையை ஒதுக்கினார்கள். அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு மாடல் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் நான் வேலை பார்த்தேன். அந்தக் காலனியில் பிறந்தவள் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

அடுக்குமாடி மாடலில் அழுக்கே இருக்காது, ஏனென்றால் அந்த வீட்டில் இன்னும் யாரும் வாழவில்லை. ரயில் மாடலில் பாதி வேலை அழுக்குதான். சல்லடையில் சலித்த கருங்கல் பொடியைத் தண்டவாளத்துக்கு நடுவில் பரப்பி, நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறுக்க வேண்டும். வேப்பங்குச்சியில் ஸ்பாஞ்சுத் துணுக்கு ஒட்டி மரம் செய்ய வேண்டும். அட்டைச் சுவருக்குச் சுண்ணப் பொடி பூசி, ஓடு வேய்ந்து, எல்லாம் முடிந்த பிறகும் அது பொம்மை வீடாகத்தான் நிற்கும். அதன்மேல் நீர்த்த கருப்பு மையைத் தடவி, பஞ்சால் மேலிருந்து கீழாக, மழைத் தண்ணீர் எப்படி இறங்குமோ அதே வழியில் ஒற்றி எடுத்தால்தான் வீடு வீடாகும். குறுக்கே துடைத்தால் பொய்யாகிவிடும். துருவுக்கு, வினிகரில் ஊறவைத்த இரும்பு நார். புகைக்கு, விரல் நுனியில் தொட்ட கரித்தூள்.

ஆபீசில் கொடுத்த புகைப்படங்களில் சுவர்கள் வெறும் சாம்பல் நிறமாக இருந்தன. எந்த வீட்டில் எங்கே என்ன கறை என்று முதலில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க வீட்டுல அழுக்கா? ஏட்டி இசக்கி, வாரம் ரெண்டு தடவ செவத்தோட சேத்துக் கழுவி விட்டவ நான். ஒங்கம்மைட்ட கேளு, அவ வீட்டுல இருக்கும்" என்றாள் பதினோராம் நம்பர் பேச்சி அத்தை.

அதனால்தான் என் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

அம்மா மத்தியான பஸ்ஸில் வந்தாள். மேசைமேல் குனிந்து, மூச்சுக் காற்று படாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள்.

"மெலிஞ்சிட்டாவளே."

"எண்பத்தேழுல ஒரு பங்குதானம்மா."

"அது தெரியாதா எனக்கு. கன்னம் ஒட்டிப் போயிருக்குட்டி, பாரு. அங்க யாரு வேளைக்குப் போடுதாவளோ."

அவள் அவரை ஒரு தடவை கூப்பிட்டாள். அப்பா நிமிர்ந்து மேற்கே, மழை வருமா என்று பார்ப்பதுபோல வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார். எங்கள் குரல் அவருக்கு வேறு ஏதோவாகக் கேட்டது என்று புரிந்து, அதன்பிறகு அந்த அறையில் எல்லாரும் குசுகுசுவென்றே பேசினோம்.

அன்று சாயங்காலத்துக்குள் பழைய காலனி ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. புதன்கிழமையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். இதுவரை இல்லை இல்லை என்று சாதித்த அழுக்குகளை எல்லாம், நகை எடுத்துவைப்பதைப் போல ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்தார்கள். நாலாம் நம்பர் கதீஜா அக்கா, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலை வாப்பா துடைத்துத் துடைத்து வாசல் நிலையில் வெள்ளைத் திட்டு உண்டானதைச் சொன்னாள். நான் அதை வைத்தேன், வாப்பா வந்தார். சைக்கிள் ஹேண்டில்பார் உரசிய கீறல் என்றார்கள், கீறினேன், சைக்கிளோடு ஒருவர் வந்தார். ஜன்னலுக்கு மேலே மண்ணெண்ணெய் அடுப்பின் புகை என்றார்கள், வைத்தேன், கரண்டியோடு ஒருத்தி வந்தாள். பேச்சி அத்தை கடைசியில், யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, முழங்கால் உயரத்தில் அடுப்புக்கரியால் போட்ட ஒரு கோணல் கோடு என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவிட்டாள். அன்று யாரும் வரவில்லை. மறுநாள் காலை அறையைத் திறந்தபோது, காய்ச்சலில் போன அவளுடைய நாலு வயதுப் பையன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கோட்டை மேலும் நீட்டிக்கொண்டிருந்தான்.

மின்விசிறி போட்டால் அவர்கள் தோளில் கிடந்த துண்டுகள் பறந்தன, அதனால் விசிறியை நிறுத்தினோம். அதே வயரில்தான் பக்கத்து அறை விசிறியும் ஓடியது. அங்கே உட்கார்ந்து ஃபைல் பார்த்த குமாஸ்தாக்கள் அட்டையால் விசிறிக்கொண்டு வேலை பார்த்தார்கள். கதவருகில் இருந்த காவலாளி, செருப்பை வெளியே விடுங்கள், தும்மல் வந்தால் வெளியே போய்விடுங்கள் என்று தானாகவே ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். எதற்கு வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று அந்த மூன்று வாரத்தில் ஒருவர்கூடக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சாப்பிட்டார்களா என்றுதான் கேட்டார்கள்.

செத்தவர்கள் மட்டும்தான் வருகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தவள் மூன்றாம் நம்பர் வள்ளிமயில் அக்கா. ஷார்ஜாவில் இருக்கும் மகன் ஒரு மாதமாகப் போன் பண்ணவில்லை. அவன் பந்தடித்த செம்மண் வட்டத்தைச் சுவரில் வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு பகலும் மறுநாள் பகலும் ஸ்டூல் போட்டு, கையில் ஜெபமாலை இல்லாத குறையாக உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. "வரல! பாத்தியா, எம்புள்ள வரல!" என்று சிரித்துக்கொண்டு ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவன் போன் பண்ணினான். அதற்குப் பிறகு, வருவதற்காகக் கறை வைத்தவர்களைவிட, வராமல் இருப்பதற்காகக் கறை வைத்தவர்கள்தான் அதிகம்.

பன்னிரண்டு வீட்டில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஏழாம் நம்பர் வீட்டின் சுவரில் மட்டும் நான் ஒன்றும் வைக்கவில்லை.

ஏழாம் நம்பர் சகாயம் சித்தியின் வீடு. எங்கள் வீட்டுக்கு அடுத்தது. அவள் புருஷன் மிக்கேல் சித்தப்பா கீமேன். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்புகள் கழன்றிருக்கின்றனவா என்று, தோளில் நீளச் சுத்தியலோடு தினமும் லைனில் நடந்து பார்க்கும் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில் அப்படி நடந்து போனவர் திரும்பி வரவில்லை. கிலோமீட்டர் கல்லில் சுத்தியல் சாய்த்து வைத்திருந்தது. ரத்தம் இல்லை, உடம்பு இல்லை, கடிதம் இல்லை. ரயிலில் விழுந்து போய்விட்டார் என்று சிலரும், ரயிலேறிப் போய்விட்டார் என்று சிலரும் சொன்னார்கள். சித்தி இரண்டையும் கேட்டுக்கொள்வாள், இரண்டுக்கும் பதில் சொல்லமாட்டாள்.

அந்த வீட்டின் கறை காலனிக்கே தெரியும். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் சித்தப்பா கிரீஸும் துருவும் ஒட்டிய உள்ளங்கையை வாசலுக்கு இடப்பக்கச் சுவரில் ஓங்கித் தேய்ப்பார். தினமும் ஒரே இடம். "செவத்துல தொடைக்காதீங்கன்னு எத்தன மட்டம் சொல்லது" என்று தினமும் ஒரே சத்தம் உள்ளேயிருந்து வரும். நான் அதைக் கேட்டுக்கொண்டேதான் வீட்டுப்பாடம் எழுதினேன். யாரும் சொல்லாமலே என்னால் அந்தக் கையை வைத்திருக்க முடியும். இரண்டு தடவை பிரஷ்ஷைத் தொட்டுவிட்டு, பயந்து வைத்துவிட்டேன்.

சித்தி தினமும் வந்தாள். மற்றவர்களின் ஆட்களை எல்லாம் நலம் விசாரிப்பதுபோல ஒவ்வொருவராகப் பார்ப்பாள். ஏழாம் நம்பர் பக்கம் மட்டும் திரும்பமாட்டாள்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை என்று முடிவானது. புதன்கிழமை சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணாடிப் பெட்டி போட்டு மூடிட்டா பொறவு ஒண்ணும் வைக்க முடியாதோ?"

"முடியாது சித்தி."

"வந்துட்டாவன்னா நான் என்ன செய்யட்டும்?"

நான் பசை டப்பாவை மூடி வைத்தேன்.

"வரலன்னா மட்டும்? வரலன்னா எவ வீட்டுச் செவத்துலயோ கையத் தொடச்சிட்டு இருக்காவன்னுல்லா அர்த்தம்." லேசாகச் சிரித்தாள். "தொடைக்கட்டும். அவளும் கழுவிச் சாவட்டும்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து, "நீ வைக்காத. நான் வைக்கேன்" என்றாள். துருத் தண்ணீரும் கருப்பும் கலந்து கொடுத்தேன். பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்டாள். நான் காட்டிய இடத்தைப் பார்த்து, "இல்லட்டி, அவிய உசரம்" என்று ஒரு நூல் மேலே வைத்தாள். இரண்டு மில்லிமீட்டரில் ஒரு கை. குச்சியை என்னிடம் கொடுத்துவிட்டு, "வந்தா கூப்பிடு" என்று வெளியே போய், வேப்பமரத்தடி பெஞ்சில் அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பதினோரு மணி, பன்னிரண்டு மணி. யாரும் வரவில்லை. பேச்சி அத்தையின் பையனும் மறுநாள்தான் வந்தான், பொறு, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணிக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து போன். பெட்டியின் அளவு இடிக்கிறது, நேரில் வந்து பார்க்காமல் வெட்டமாட்டோம் என்றார்கள். சோறு கொண்டு வந்திருந்த அம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன். அவசரத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்குப் பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்ஷன்மா. கொஞ்சம் பாத்துக்கோ."

அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன்.

எங்கள் ஆட்களுக்கு இன்ஸ்பெக்ஷன் என்றால் ஒரே ஒரு பொருள், சுண்ணாம்பு. ஆபீசர் வருகிறார் என்று தெரிந்துவிட்டால் வீட்டுச் சுவருக்கு அடிப்பார்கள், கிலோமீட்டர் கல்லுக்கு அடிப்பார்கள், கிணற்று விளிம்புக்கு அடிப்பார்கள், இடுப்பளவுக்கு மரங்களுக்கு அடிப்பார்கள், லைன் ஓரம் கிடக்கிற சின்னக் கல்லையெல்லாம் வரிசையாக்கி அதற்கும் அடிப்பார்கள். அவசரத்தில் படுத்துக் கிடந்த ஒரு ஆட்டுக்கும் சேர்த்து அடித்துவிட்டதாகச் சுடலைமணி மேஸ்திரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். முப்பது வருடம் எங்கள் கேங்குக்கு அவர்தான் மேஸ்திரி. அம்மா அவருக்குத்தான் போன் போட்டிருக்கிறாள்.

நான் நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது பன்னிரண்டு வீடும் வெள்ளை வெளேரென்று இருந்தன. காது குடையும் பஞ்சுக் குச்சிகளை வைத்துக்கொண்டு, நெற்றியில் சுண்ணாம்புத் துளிகளோடு, அம்மா, பேச்சி அத்தை, கதீஜா அக்கா, மேஸ்திரி எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். கல்யாண வீட்டில் வேலை முடித்தவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"எப்படி?" என்றார் மேஸ்திரி. "கம்பத்துக்குக்கூட அடிச்சாச்சு. நாளைக்கு எவனும் ஒரு குத்தம் சொல்லட்டும் பாப்போம்."

"ஆபீசர் பாக்கையில ஒங்கப்பா அழுக்குச் செவத்துல சாஞ்சிருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் அம்மா.

"எம்புள்ள கிறுக்கினதையும் நானே அழிச்சிட்டேன்" என்றாள் பேச்சி அத்தை. "இல்லன்னா அவன் அப்பாவத்தானே திட்டுவாவ."

நான் வீடு வீடாகப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"எங்க அவங்க?"

"அவியளா? செவத்துல சுண்ணாம்பு பட்டதும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, பின்னால தட்டிவிட்டுக்கிட்டு, லைனோடயே நடந்து அந்தக் கடைசிக்குப் போயிட்டாவ. இன்ஸ்பெக்ஷன்னா எல்லாரும் லைன்லல்லா நிக்கணும். அதுக்குத்தான் போறாவன்னு…"

மேஸ்திரி அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மேசையின் மேற்கு விளிம்பைப் பார்த்தார். தண்டவாளம் அங்கே வெட்டி முடிந்திருந்தது, அதற்கு அப்பால் பார்சல் அறையின் சிமென்ட் தரைதான். கதீஜா அக்கா முதலில் மண்டியிட்டு, மேசைக்கடியில் தேடினாள். பிறகு எல்லாரும் தேடினோம். அம்மா மட்டும் நின்ற இடத்தில் நின்று, கையிலிருந்த பஞ்சுக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணெய்க் கறையை நான் மறுபடி வைத்தேன், அதே மை, அதே இடம். பிரஷ்ஷைக் கழுவிவிட்டு வந்தேன். மறுபடி கழுவிவிட்டு வந்தேன். அது வெறும் மையாகவே இருந்தது.

அப்போதுதான் சகாயம் சித்தி உள்ளே வந்தாள். பேச்சி அத்தையின் அழுகைச் சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். நேராக ஏழாம் நம்பரைப் பார்த்தாள். சுவர் வெள்ளையாக இருந்தது.

"இந்த வீட்டுக்கு யாரு அடிச்சா?"

"நாந்தான் தாயி" என்றார் மேஸ்திரி.

"மாமா, எத்தன பேரு போனாவ?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார், அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"எண்ணல தாயி."

கேங் மேஸ்திரி என்றால் எண்ணுகிறவர். வண்டி வருகிற விசில் கேட்டதும் ஆட்களை லைனிலிருந்து விலக்கி, தலைகளை எண்ணி, கணக்குச் சரியானபிறகுதான் கொடியைக் காட்டுவார். கல்யாணப் பந்தியில்கூடத் தன்னையறியாமல் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பார். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். சித்திக்கும் தெரியும். அவள் குனிந்து, பேச்சி அத்தையைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முகத்தில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில், உண்மையில் எத்தனை பேர் என்று நான் மேஸ்திரியைக் கேட்டேன். அவர் ரோட்டோரத்தில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பத்துப் பேரு இசக்கி. ஏழாம் நம்பருக்குக் குச்சியக் கொண்டு போறேன், செவத்துல கைய ஊனிக்கிட்டு அசையாம நிக்கான். உள்ள யாரும் சத்தம் போடுதாவளான்னு காது குடுக்கமாதிரி. நான் பழக்கத்துல, 'மிக்கேலு, இன்ஸ்பெக்ஷன்ல, நவுருடே'ன்னு சொல்லிட்டேன். நவுந்துட்டான். ஒருநாளும் என் பேச்ச மீறினதில்லலா அவன்."

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார். காலனியை இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தீர்களா என்று வியந்தார். எங்கள் ஆட்கள் சட்டைப் பட்டனை எல்லாம் போட்டு வரிசையில் நின்றார்கள். கண்ணாடிப் பெட்டி கச்சிதமாகப் பொருந்தியது. மின்விசிறியைப் போட்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் சகாயம் சித்தி என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இருபத்தொன்பதாம் தேதி மிக்கேல் சம்மனசு என்னும் தேவதூதரின் திருநாள். அன்றைக்குச் சித்தப்பா பேரில் பூசைக்குக் கொடுப்பது அவள் வழக்கம். சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கோயில் ஆபீசில் இருக்கும் உபதேசியார்தான் சீட்டை எழுதுவார். அன்று அவரும் இருந்தார். ஆனாலும் அவள் சீட்டை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

சீட்டில் இரண்டு கோடுகள் இருந்தன. முதல் கோட்டில் பேர். இரண்டாவதில், எதற்காக என்று எழுத வேண்டும்; உயிரோடு இருப்பவருக்கு ஒன்று, இறந்தவருக்கு வேறொன்று. பேரை எழுதிவிட்டு நிறுத்தினேன்.

"எப்பவும் என்ன எழுதுவாங்க சித்தி?"

"நலன்னு எழுதுவாவ."

"இப்ப?"

"நீ மேஸ்திரிகூடப் பஸ்ஸுக்குப் போனேல்லா." அவள் குரலில் கோபம் இல்லை. "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ பொய் எழுத மாட்ட. எழுது."

உபதேசியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுத ஆரம்பித்தேன். நலன் என்பது சின்ன வார்த்தை, இத்தனை வருடமாக அந்தக் கோட்டில் அது ஒரு ஓரத்தில் விழுந்து முடிந்திருக்கும். ஆன்ம இளைப்பாற்றி என்று எழுதக் கோடு முழுவதும் வேண்டியிருந்தது. எழுத்துத் தெரியாத சகாயம் சித்தி என் தோளுக்கு மேலே நின்று, பேனா நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.